சமரியா: ஆட்டுக்கு விட்டுக்கொடுத்த ஊர்

காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும் என்றார்கள். ஆறரைக்கே வரிசை நீண்டுவிட்டது. கிரேக்க நாட்டின் பெரிய தீவான கிரீட்டில், வடக்குக் கரையில் இருக்கிறது ஹானியா நகரம். அங்கிருந்து இருட்டோடு கிளம்பிய பேருந்து எங்களை இங்கே இறக்கிவிட்டிருந்தது. ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே தொடங்குகிற சாலை, வளைந்து வளைந்து ஏறி, லாக்கி என்ற மலைக்கிராமத்தைத் தாண்டி, ஓமலோஸ் சமவெளிக்கு வந்து சேர்கிறது. சுற்றிலும் மலை, நடுவில் தாம்பாளம்போல் ஒரு புல்வெளி. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். மே மாதம் பாதி போயிருந்தது. கீழே ஹானியாவில் ஆட்கள் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

சீட்டுக் கொடுத்தவர் முதலில் எங்கள் கால்களைப் பார்த்தார். பிடிமானமுள்ள காலணிதான் என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது. சீட்டை நீட்டும்போது, தொலைத்துவிடாதீர்கள், வெளியே போகும்போது கேட்பார்கள் என்று இரண்டு முறை சொன்னார். சுற்றுலாத் தலத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தை என்று நினைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்தச் சீட்டுக்கு என்ன அர்த்தம் என்பது மாலையில்தான் விளங்கியது.

"கீழேன்னா எவ்வளவு கீழே அக்கா?" என்றான் தம்பி.

"கடல் வரைக்கும்."

சமரியா மலையிடுக்கின் நடைபாதை 16 கிலோமீட்டர். சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்கி, தெற்கே லிபியக் கடலின் கரையில் முடிகிறது. அதில் 13 கிலோமீட்டர் தேசியப் பூங்காவுக்குள். மிச்சம் 3 கிலோமீட்டர் அயியா ரூமெலி என்ற கடற்கரைக் கிராமம் வரை. சாதாரண நடைக்கு ஆறேழு மணி நேரம். மே தொடக்கத்திலிருந்து அக்டோபர் கடைசி வரைதான் திறந்திருக்கும். மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னாலோ, வெயில் அளவுக்கு மீறினாலோ அந்த நாட்களிலும் மூடிவிடுவார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் நடக்கும் பாதை இது. வழக்கமாக மலைக்குப் போனால் காலையில் ஏறி மாலையில் இறங்குவோம். இங்கே வெறும் இறக்கம். இறக்கம்தானே என்று எண்ணிப் போகிறவர்களுக்கு முழங்கால் பதில் சொல்லும்.

தொடக்கத்தின் பெயர் க்ஸிலோஸ்கலோ. மர ஏணி என்று அர்த்தம். முன்பு மரக்கட்டைகளை அடுக்கிப் படியாக வைத்திருந்தார்கள். இப்போது கல்லும் மண்ணும் பாவிய பாதை, ஓரத்தில் மரக் கைப்பிடி. முதல் திருப்பத்திலேயே எதிரே கிங்கிலோஸ் மலை எழுந்து நின்றது. 2,080 மீட்டர். பார்வை மேலே போய்க்கொண்டே இருக்கிறது. உச்சி வர நேரமாகிறது. சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, செடிகூடப் பிடித்து ஏறாத செங்குத்து. காலை வெளிச்சம் உச்சியில் மட்டும் விழுந்து அது வெண்கலம்போல் தெரிந்தது. கீழே நாங்கள் போக வேண்டிய இடம் இன்னும் இருட்டுக்குள் கிடந்தது.

இந்த மலைத்தொடருக்கு லெஃப்கா ஓரி, வெள்ளை மலைகள், என்று பெயர். பனிக்காலத்தில் பனியால் வெள்ளை, கோடையில் பாறையால் வெள்ளை. மிக உயர்ந்த பாக்னெஸ் சிகரம் 2,453 மீட்டர். ஒரு தீவுக்குள் இவ்வளவு உயரம் எப்படி வந்தது? ஆப்பிரிக்கக் கண்டத்தைத் தாங்கும் நிலத்தட்டு கிரீட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. தீவு மெல்ல மெல்லத் தூக்கப்படுகிறது. சில சமயம் மெல்லவும் இல்லை. கி.பி. 365 ஜூலையில் வந்த நிலநடுக்கம் ஒன்று மேற்குக் கிரீட்டை ஒரே அடியில் 9 மீட்டர் வரை உயர்த்தியது. ஃபலசர்னா என்ற பழைய துறைமுகம் அன்றைக்குத் தண்ணீரைவிட்டு வெளியே வந்தது; இன்றும் கரையில் வறண்டு நிற்கிறது. நிலம் எழ எழ, மலைமேல் பெய்த மழை அதை அறுத்துக்கொண்டே கடலுக்கு இறங்கியது. அப்படி அறுந்த கீறல்தான் இந்த இடுக்கு.

முதல் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் மொத்த இறக்கத்தில் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. இந்தப் பகுதியைத்தான் மெதுவாக இறங்க வேண்டும். எல்லோரும் இங்கே ஓடுகிறார்கள். தெம்பு இருக்கிறது, காற்று குளிர்ச்சி, முன்னால் போகிற கூட்டத்தைத் தாண்டிவிட வேண்டும் என்ற அவசரம். எங்களைத் தாண்டிப் போன இளைஞர்கள் சிலரைப் பின்னால் ஊற்றடியில் பார்த்தோம், காலைத் தேய்த்துக்கொண்டு. தண்ணீருக்குக் கவலை இல்லை. நெருட்ஸிகோ, ரிஸா சிக்கியாஸ் என்று வழிநெடுக ஊற்றுகள், கல்தொட்டி, குழாய். ஒரு பாட்டிலை நிரப்பி நிரப்பிக் குடித்தால் போதும். மூன்று லிட்டர் சுமந்து வந்த தம்பி அரை மணி நேரத்தில் பாதியைச் செடிக்கு ஊற்றினான்.

வாசனையைச் சொல்லியாக வேண்டும். பைன் மரத்தின் பிசின் வாசனை முதலில். பிறகு சைப்ரஸ். பாறை வெடிப்புகளில் டிக்டமோ என்று ஒரு செடி தொங்குகிறது. வெல்வெட்டைப்போல் சாம்பல் நிறத்தில் வட்ட இலைகள். இது கிரீட்டுக்கே உரியது. நாம் பூச்சரத்தில் வைத்துக் கட்டுகிற மருவுக்கு ஒன்றுவிட்ட உறவு. பழங்காலத்திலிருந்தே காயத்துக்கு மருந்து. எட்டாத பாறை முகட்டில் ஏறி அதைப் பறிக்கப் போய் விழுந்தவர்கள் உண்டு என்பார்கள். காதலிக்குப் பறித்துக் கொடுக்கிற செடி என்பதால் அதற்குக் காதல் என்றே உள்ளூரில் ஒரு பெயர் உண்டு. இப்போது பூங்காவுக்குள் ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது.

இன்னொரு வாசனையும் இருந்தது. அழுகிய மாமிசம். ஆடு ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினால், பாதையோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு பூ. கருஞ்சிவப்பு மடல், நடுவில் கறுத்த தண்டு நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்த்த நொடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கருணைக்கிழங்கு பூத்தது ஞாபகத்துக்கு வந்தது. அதே குடும்பம்தான், அதே தந்திரம்தான்: பிண நாற்றத்தைக் காட்டி ஈயை வரவழைக்கிறது. தம்பி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அம்மா பார்த்திருந்தா பிடுங்கி எறின்னு சொல்லியிருப்பாங்க" என்றான். அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார்.

இறக்கம் தணிந்து ஓடைக்கரைக்கு வந்தால் அயியோஸ் நிகோலாஸ், அதாவது புனித நிக்கோலாஸ் சிற்றாலயம். சுற்றிலும் பிரம்மாண்டமான சைப்ரஸ் மரங்கள். ஒன்றைச் சேர்த்துப் பிடிக்க இரண்டு பேர் கை கோக்க வேண்டியிருந்தது. வயதைக் கேட்க ஆளில்லை. மரத்தைப் பார்த்தாலே தெரிகிற வயது. கிரீட்டின் பழைய மினோவன் அரண்மனைகளின் தூண்கள் சைப்ரஸ் மரத்தால் ஆனவை. பிறகு தீவை ஆண்ட வெனிஸ்காரர்கள் கப்பல் கட்டவும் இந்த மரத்தை வெட்டினார்கள். கப்பலாகப் போகாமல் தப்பியவற்றின் நிழலில் உட்கார்ந்து நாங்கள் வேகவைத்த முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டோம்.

அங்கிருந்து பாதை ஓடையோடு சேர்ந்து போகிறது. மே மாதத்தில் தண்ணீர் உண்டு. கல்லிலிருந்து கல்லுக்குத் தாவியும், பலகைப் பாலங்களில் ஏறியும், ஓடையை மாற்றி மாற்றிக் கடக்க வேண்டும். சில இடங்களில் தண்ணீர் திடீரென்று காணாமல் போகும். சுண்ணாம்புப் பாறை அதைக் குடித்துவிடுகிறது. அரைக் கிலோமீட்டர் தள்ளிப் பாறைக்கடியிலிருந்து மறுபடி கொட்டுகிறது. கல் விழும் ஆபத்து, நிற்காமல் வேகமாகப் போகவும் என்று அங்கங்கே பலகை நட்டிருக்கிறார்கள். பலகைக்கு எதிரே புதிதாக உடைந்த கற்கள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. அதற்கப்புறம் யாரும் சொல்லாமலே வேகமாக நடந்தோம்.

ஏழாவது கிலோமீட்டரை ஒட்டி, ஓடையின் மறுகரையில், கல் வீடுகள் தெரிந்தன. ஒரு பாலம். பாலத்துக்கு அப்பால் சமரியா.

இந்தப் பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் வேதாகமம் படித்தவர்களுக்கு நல்ல சமாரியன் கதைதான் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊருக்கு வெளியே 1379-இல் கட்டிய ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. ஓசியா மரியா, அதாவது எகிப்து நாட்டுப் புனித மரியாளின் ஆலயம். ஓசியா மரியா என்ற பெயர் பேச்சில் தேய்ந்து சமரியா ஆனது. யோர்தானுக்கு அப்பால் பாலைவனத்தில் பல்லாண்டுகள் மனித வாடையே இல்லாமல் தனித்து வாழ்ந்த பெண் துறவி அவர். மனிதர் அற்றுப்போன ஓர் ஊருக்கு அவர் பெயர் வாய்த்திருக்கிறது.

சமரியாவில் இன்று குடும்பம் எதுவும் இல்லை. சில வீடுகளைச் சீர்செய்து காவலர் நிலையமாகவும் முதலுதவி அறையாகவும் வைத்திருக்கிறார்கள். மற்றவை கூரை போய், சுவரளவில் நிற்கின்றன. ஒரு வீட்டுக்குள் அத்திமரம் முளைத்து, வாசற்படி வழியாகக் கிளையை வெளியே நீட்டியிருந்தது. ஆலிவ் எண்ணெய் ஆட்டிய செக்கு. அடுப்பு எரிந்து கரி படிந்த மூலை. நடப்பவர்களுக்கு இது பாதி வழி. மேசைகளில் சாப்பாட்டைப் பிரித்து, படம் எடுத்து, கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புகிறார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தவர்களே குறைவு. நாங்கள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். தம்பியின் முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது ஒரு காரணம். அந்த வாசற்படியைவிட்டு எனக்கு நகர மனம் வராதது இன்னொரு காரணம்.

இந்த மலையிடுக்கைப் பற்றி வருகிற படங்களில் பாறைதான் இருக்கும். நான் பார்த்து வந்த அத்தனை படங்களும் பாறைதான். ஆனால் இங்கே ஒரு பாதை இருக்கிறது என்றால், அதைக் காலால் தேய்த்து உண்டாக்கியவர்கள் இருந்தார்கள். மரம் வெட்டினார்கள், ஆடு மேய்த்தார்கள், தேன் எடுத்தார்கள். உப்பும் மாவும் கழுதைமேல் ஏற்றிக் கடலிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். வாசலை அடைத்துவிட்டால் யாரும் நுழைய முடியாத இடம் என்பதால், ஓடிவந்தவர்களுக்கெல்லாம் இவர்கள் இடம் கொடுத்தார்கள்.

அப்படி ஓடிவந்தவர்களின் கணக்கு பெரியது. 17ஆம் நூற்றாண்டில் ஓட்டோமான் துருக்கியர் கிரீட்டைக் கைப்பற்றினார்கள். தென்மேற்குப் பகுதியான ஸ்ஃபாக்கியா மட்டும் அடங்க மறுத்துக்கொண்டே இருந்தது. 1770-இல் அனோபோலி என்ற ஊரைச் சேர்ந்த யான்னிஸ் விளாக்கோஸ் கலகத்தைத் தொடங்கினார். கப்பல்கள் வைத்திருந்த பணக்காரர், படித்தவர். அதனால் ஊரார் அவரை ஆசிரியர் யான்னிஸ், தஸ்கலோயான்னிஸ், என்று அழைத்தார்கள். ரஷ்யா துணைக்கு வரும் என்று நம்பினார். ரஷ்யா வரவில்லை. ஸ்ஃபாக்கியாவின் ஊர்கள் எரிந்தன. பெண்களையும் பிள்ளைகளையும் இந்த இடுக்குக்குள் அனுப்பிவிட்டு, அதன் குறுகிய வாயில் யான்னிஸ் பொனாட்டோஸ் என்பவர் தலைமையில் ஆட்கள் காவல் நின்று துருக்கியப் படையைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது இந்தப் பக்கத்து மரபுச் செய்தி. தஸ்கலோயான்னிஸ் கடைசியில் சரணடைந்தார். 1771 ஜூன் 17 அன்று ஹெராக்லியோன் நகரத்தில் உயிரோடு அவர் தோலை உரித்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, எழுதப் படிக்கத் தெரியாத பாலாடைக்கட்டி செய்பவர் ஒருவர் இந்தக் கதையை ஆயிரம் அடிக்கு மேல் பாட்டாகச் சொல்ல, பாதிரியார் ஒருவர் எழுதி வைத்தார். கிரீட்டின் கதைப்பாடல்களில் அதற்குத் தனி இடம்.

1866-இல் மறுபடி பெரும் கிளர்ச்சி. மறுபடி குடும்பங்கள் இதற்குள் வந்து சேர்ந்தன. கிரேக்கத்திலிருந்து நீராவிக் கப்பல்கள் இரவில் அயியா ரூமெலிக் கரைக்கு வந்து ஆயுதமும் தானியமும் இறக்கிப் போயின.

பிறகு கிரேக்க அரசரே ஓடிவந்தார். 1941 மே 20 அன்று ஜெர்மன் வீரர்கள் பாராசூட்டில் கிரீட்டின்மேல் குதித்தார்கள். ஏதென்ஸ் விழுந்தபின் கிரீட்டில் தங்கியிருந்த இரண்டாம் ஜார்ஜ் மன்னரும், பிரதமர் இம்மானுவேல் சுதெரோஸும், நியூசிலாந்து வீரர்கள் சிலர் காவலோடு வெள்ளை மலைகளில் ஏறினார்கள். பனி கிடந்த கணவாய்களை நடந்தே கடந்து தென்கரையில் அயியா ரூமெலிக்கு வந்தார்கள். 22ஆம் தேதி இரவு டிகாய் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அவர்களை எகிப்துக்கு ஏற்றிச் சென்றது.

அரசரைத் தப்பவிட்ட அதே மலை, அரசரை வேண்டாம் என்றவர்களையும் ஒளித்து வைத்தது. கிரேக்க உள்நாட்டுப் போரில், 1948 ஜூனில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை அரசுப் படைகள் சமரியாவில் சுற்றி வளைத்தன. தப்பியவர்கள் மலைக்குள் சிதறினார்கள். அவர்களில் இருவர், போர் முடிந்தது தெரிந்தும், பிடிபட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்து, 1970களின் நடுவில் பொதுமன்னிப்பு வரும் வரை இந்த மலைகளிலேயே மறைந்து வாழ்ந்தார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேல். இரண்டு பேர் அவ்வளவு காலம் உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்றால், ஏதோ ஒரு வீட்டிலிருந்து ரொட்டி போய்க்கொண்டே இருந்திருக்க வேண்டும். யார் என்று அந்த வீட்டுக்காரர்களும் வெளியே சொல்லியிருக்கமாட்டார்கள்.

இத்தனை பேருக்கு இடம் கொடுத்த ஊர் எப்படிக் காலியானது?

ஓர் ஆட்டால். வளைந்த பெரிய கொம்பு, தவிட்டு நிற உடம்பு, தோளில் கறுப்புக் கோடு. கிரீட்டில் அதை அக்ரிமி என்பார்கள், காட்டு உயிர் என்று. வெளியுலகம் வைத்த பெயர் கிரி-கிரி. மலையை கிரி என்று சொல்லிப் பழகிய நம் காதுக்கு அந்தப் பெயர் இனிக்கிறது; அது தற்செயல்தான். மினோவன் காலத்து முத்திரைகளிலேயே இந்த ஆட்டின் உருவம் உண்டு. துப்பாக்கி வந்தபின் வேட்டை பெருகியது. போர்க்காலப் பசியில் இன்னும் குறைந்தது. 1960 வாக்கில் 200-க்கும் குறைவாகவே மிஞ்சின. அவை கடைசியாக ஒதுங்கிய இடமும் சமரியாதான். 1962-இல் இந்த இடுக்கு தேசியப் பூங்கா ஆனது. ஊர்க்காரர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஏறக்குறைய ஆறு நூற்றாண்டாகக் கோயிலுள்ள ஊரில் விளக்கு அணைந்தது.

ஆடு பிழைத்தது. சமரியாவிலும், முன்பே சில ஆடுகளைக் கொண்டுபோய் விட்டிருந்த சிறு தீவுகளிலும் இன்று எண்ணிக்கை கூடியிருக்கிறது. 1981-இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. இதில் எனக்குச் சந்தோஷம்தான். ஊர் இருந்து, ஆடு அழிந்திருந்தால், அதை இப்படி உட்கார்ந்து எழுத மனம் வந்திருக்காது.

ஆனாலும் ஒரு விஷயம் அந்த வாசற்படியில் என்னை விடாமல் உறுத்தியது. கிரி-கிரி இந்தத் தீவில் தானாகத் தோன்றிய விலங்கு இல்லை. ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் முதல் உழவர்கள் கோதுமை விதையோடும் ஆடுமாடுகளோடும் படகில் இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த வீட்டு ஆடுகளில் சில கட்டை அறுத்துக்கொண்டு மலையேறின. அவற்றின் வம்சம்தான் கிரி-கிரி என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. மனிதரோடு ஒரே படகில் வந்த உயிர். பல்லாயிரம் ஆண்டு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 1962-இல் ஒன்று இருக்கவும் மற்றது போகவும் வேண்டியதாயிற்று. வேறு வழி இருந்திருக்குமா? ஊர்க்காரர்களையே காவலர்களாக வைத்திருக்கலாமே என்று இன்றைக்கு நாம் எளிதாகக் கேட்டுவிடலாம். மேய்ப்பவர் வீட்டு ஆடுகள் கிரி-கிரியோடு கலந்துவிடுவதுதான் இந்த இனத்துக்கு இன்றும் பெரிய ஆபத்து. அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் காப்பாற்றிய கணக்கை எழுதும்போது, கொடுத்தவர்களையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். நடக்கிற ஒவ்வொருவரும் அந்தச் சுவர்களின் முன் சற்று நேரமாவது நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

ஆட்டைப் பார்த்தோமா? பார்த்தோம். ஊருக்குள்ளேயே. ஒரு பெண் ஆடும் குட்டியும், இடிந்த வீட்டின் சுவர்மேல் ஏறி நின்று, அத்தி இலையைக் கடித்துக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்து ஓடவில்லை.

மதியத்துக்குப் பிறகு வெயில் ஏறியது. ஊரைத் தாண்டியதும் இரு பக்கச் சுவர்களும் நெருங்கி வரத் தொடங்கின. இங்கேதான் பாறையின் உள்வேலைப்பாடு தெரிகிறது. தகடு தகடாக அடுக்கிய சுண்ணாம்புப் படிவங்கள், ஈரத் துணியைப் பிழிந்தாற்போல் முறுக்கி, மடிந்து, சில இடங்களில் தலைகீழாகத் திரும்பி நிற்கின்றன. கடலடியில் படுத்துக் கிடந்த படுகை, மலையாக எழும்போது பட்ட பாடு அப்படியே வரிவரியாக உறைந்திருக்கிறது. இந்தச் சுவர்களைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். ஒரு கை வெயிலில், மறு கை நிழலில்.

பதினோராவது கிலோமீட்டர் அருகே போர்டெஸ். வாசல்கள் என்று அர்த்தம். இரும்பு வாசல் என்றும் சொல்வதுண்டு. படங்களில் எல்லோரும் பார்த்த இடம். இரண்டு பாறைச் சுவர்கள் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு எழுந்து, நடுவில் நான்கு மீட்டர் கூட இல்லாத இடைவெளியை விட்டிருக்கின்றன. அதற்குள் ஓடையும் போக வேண்டும், ஆளும் போக வேண்டும். தண்ணீருக்குமேல் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வெயில் நின்றது, பேச்சு நின்றது. முன்னால் போன கூட்டமும் குரலைத் தாழ்த்தியது. மேலே பார்த்தால் வானம் ஒரு நாடாவின் அகலம். காற்று மட்டும் கடல் பக்கமிருந்து ஊதிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் அழகைவிட முதலில் எனக்குத் தோன்றியது, இங்கே எத்தனை பேர் போதும் என்பதுதான். பத்துப் பேர் நின்றால் ஒரு படையை நிறுத்திவிடலாம். பின்னால், நாங்கள் கடந்து வந்த வீடுகளில், பிள்ளைகளை வாய் பொத்தி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இந்த நான்கு மீட்டர்தான் உயிர். தம்பி இரண்டு கைகளையும் விரித்து நின்று பார்த்தான். "இன்னும் ரெண்டு பேர் கை கோத்தா எட்டிடும் அக்கா" என்றான்.

அதற்குப் பிறகு இடுக்கு கையை விரித்தாற்போல் அகன்றுவிடுகிறது. ஓடையோரம் முழுக்க அரளி. நம் ஊர்க் கோயில் அரளியேதான், இளஞ்சிவப்பாக மொட்டுவிடத் தொடங்கியிருந்தது. உருண்டை உருண்டையான வெள்ளைக் கற்கள்மேல் நடக்க வேண்டும். களைத்த கணுக்காலுக்கு இதுதான் மிகக் கடினமான பகுதி. தம்பி ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு கல் கல்லாக எண்ணி வைத்தான். "முட்டி நடுங்குது, கொஞ்சம் உட்காரலாம்" என்று ஐந்தாறு முறை உட்கார்ந்தோம். எங்களைத் தாண்டி எல்லோரும் போய்விட்டார்கள். அயியா ரூமெலிக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது; மாலை ஐந்தரைக்குப் படகு, கரையோர ஊர்களான சூயாவுக்கு ஒன்று, ஸ்ஃபாக்கியாவுக்கு ஒன்று. அதை விட்டால் ராத்தங்கல்தான். விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். அந்த முடிவுக்குப் பிறகு நடை சுகமாகிவிட்டது.

பூங்காவின் வெளிவாசலுக்கு வந்தபோது காவலர் ஒருவர் மட்டும் இருந்தார். அறுபது வயதிருக்கும், மீசை நரைத்தவர். கையை நீட்டினார். சட்டைப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். அவர் முன்னால் ஒரு கட்டுச் சீட்டு இருந்தது. காலையில் மேலே எத்தனை பேர் நுழைந்தார்கள் என்ற எண் ஒரு தாளில். வந்து சேர்ந்த சீட்டுகளை எண்ணி அதோடு ஒட்டிப் பார்க்கிறார். ஒருவர் குறைந்தாலும் தெரிந்துவிடும். இந்த இடுக்குக்குள் நடக்க வந்தவர் யாரும் இரவு தங்கக் கூடாது என்பது சட்டம்.

"இன்னும் ஒருவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார், ஒரு விரலைக் காட்டி.

வாக்கி-டாக்கியை எடுத்துப் பேசினார். மேலே சமரியாக் காவல் நிலையத்திலிருந்து பதில் வந்தது. வயதான அம்மா ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டதாம். கோவேறு கழுதைமேல் வைத்து அழைத்து வருகிறார்களாம். இந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் அதுதான். எங்களுக்கு உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். தேன் ஊற்றிய மெல்லிய அடை ஒன்றைப் பொட்டலத்திலிருந்து பிய்த்துக் கொடுத்தார். உள்ளே வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி. ஸ்ஃபாக்கியா ஊர்ப் பலகாரம். நீங்கள் எந்த ஊர் என்று அவரைக் கேட்டேன். தலையைத் திருப்பி, நாங்கள் வந்த பக்கத்தைக் காட்டினார். "என் அப்பா" என்றார். பிறகு, "நான் இங்கே" என்று கடலைக் காட்டினார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் அவ்வளவுதான், எனக்குத் தெரிந்த கிரேக்கம் அதைவிடக் குறைவு. அதற்கு மேல் கேட்கவில்லை.

சூரியன் மலைக்குப் பின்னால் போனது. இடுக்குக்குள்ளிருந்து குளிர்காற்று கிளம்பி எங்களைத் தாண்டிக் கடலுக்குப் போயிற்று. கல்லில் குளம்பு படுகிற சத்தம் முதலில் கேட்டது. பிறகு ஓர் இளைஞர், கையில் கயிறு, பின்னால் கழுதை, அதன்மேல் வெள்ளை முடி அம்மா, காலில் கட்டு, முகத்தில் வலியும் சிரிப்பும். வாசலுக்கு வந்ததும் அவர் முதலில் செய்தது, கைப்பையைத் திறந்து சீட்டைத் தேடியதுதான். கசங்கிப் போயிருந்தது. காவலர் அதை வாங்கி, விரலால் நீவி, கட்டின் மேலே வைத்து, இன்னொரு முறை முழுவதும் எண்ணினார்.

சரியாக இருந்தது. வாக்கி-டாக்கியில் ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.